சொன்னதை எழுதுகிறவள்

தபீதாள் எழுதி வாங்கிய பட்டங்கள் சேலையூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் பல வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன. அந்த வீட்டுக்காரர்கள் யாருக்கும் அவற்றைப் பார்க்கக் கண் கிடையாது. பெண்டாட்டிமார் தூசி தட்டி, வருகிறவர்களுக்குக் காட்டுவார்கள். ஒன்றில்கூடத் தபீதாள் பெயர் இருக்காது. ஏன் இருக்க வேண்டும்? படித்தவன் அவன், சொன்னவன் அவன். இவள் எழுதினாள், அவ்வளவுதான்.

நானும் கண்ணில்லாதவன்தான். கங்காதரன் என்று பெயர். கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில் பிறந்தேன். சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று கண்ணை எடுத்துக்கொண்டு போனது. கடலுக்குப் போகிற வீட்டில் குருட்டுப் பையனை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள், வலையோடு சேர்த்தா காயப் போடுவார்கள்? விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கிருந்து கல்லூரிக்குப் போனேன். அங்கிருந்து எங்கேயும் போகவில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனைப் பார்த்தாற்போல எஸ்.டி.டி. பூத் வைத்து உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கதை நடந்த 2006-ல் ஆளாளுக்குச் செல்போன் வந்து என் பிழைப்பில் மண் விழ ஆரம்பித்திருந்தது. ஆகவே எனக்கு நேரமும் நிறைய இருந்தது, கோபமும் நிறைய இருந்தது. தபீதாள் தினமும் காலையில் வந்து எனக்குப் பேப்பர் படித்துக் காட்டிவிட்டு, நான் திட்டுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு, இல்லத்துக்குப் போவாள்.

இல்லம் என்றால் சேவை இல்லம். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதையும் யாராவது எனக்குப் படித்துக் காட்ட வேண்டும். கண்ணில்லாத மாணவர்கள் தங்கிப் படிக்கிற இடம் அது, நானும் அங்கே தங்கித்தான் கல்லூரிக்குப் போனேன். நடத்தியவர் ஞானசௌந்தரி மிஸ், ரிட்டயர்டு டீச்சர். தபீதாள், பம்மலில் தோல் ஷெட்டில் வேலை பார்த்த லாசரஸின் மகள். பிளஸ் டூ முடித்த கையோடு, இரண்டு வருஷம் ஊழியம் செய்துவிட்டு வா, அப்புறம் மேலே படிக்கலாம் என்று அப்பா கொண்டுவந்து விட்டார். அவர் கர்த்தருக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். இவள் பத்துப் பன்னிரண்டு வருஷமாக அங்கேயே கிடந்தாள். மூன்று வேளைச் சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம், கிறிஸ்துமஸுக்கு ஒரு புடவை. பாடக் கேசட்டுகள் அடுக்கியிருக்கிற அறையில் படுக்கை. அந்த அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. யாருக்கு எப்போது கேசட் வேண்டுமென்றாலும் வந்து எடுக்க வேண்டுமே, அதனால்.

பகலெல்லாம் பாடப் புத்தகங்களைச் சத்தமாகப் படித்துக் கேசட்டில் பதிவாக்குவாள். நாங்கள் அதைக் கேட்டுப் படிப்போம். பரீட்சை வந்தால் எங்களில் ஒருவனோடு வந்து தனி அறையில் உட்காருவாள். அவன் சொல்லச் சொல்ல எழுதுவாள். இதற்கு ஒரு சட்டம் இருந்தது. பட்டப் பரீட்சைக்கு எழுத வருகிறவர் பட்டம் படித்தவராக இருக்கக் கூடாது. விவரம் தெரிந்தவர் வந்தால் தானே பதிலைப் போட்டுவிடுவாராம். ஆகவே ஒன்றும் தெரியாத ஆளாகப் பார்த்துக் கூட்டி வர வேண்டும். பிளஸ் டூவோடு நின்ற தபீதாள் அதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தாள். அந்தக் கேசட்டுகளையெல்லாம் படித்துப் படித்து பி.ஏ. சரித்திரம் மொத்தமும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம் என்பது சட்டத்துக்குத் தெரியாது.

அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அதுதான் எனக்கு அவள்மேல் இருந்த ஆத்திரம். என் கடைசி வருஷப் பேப்பரில் மூன்றாம் மைசூர்ப் போர் எந்த உடன்படிக்கையோடு முடிந்தது என்று கேட்டிருந்தார்கள். நான் மங்களூர் உடன்படிக்கை என்றேன். பேனா ஒரு மூச்சு நேரம் நின்றது. பிறகு எழுதியது. வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, அது ஸ்ரீரங்கப்பட்டினம். ஏண்டி, தெரிஞ்சுகினே எழுதினியா என்று கேட்டேன். நீ சொன்னதைத்தானே நான் எழுதணும் என்றாள். அந்தப் பேப்பரில் தோற்றுப் போனேன். அடுத்த தடவையும் அவள்தான் எழுதினாள், அப்போதும் போனேன். மூன்றாவது தடவையும் போய், பூத்துக்கு மனுப் போட்டேன். ஒரு இருமல் இருமியிருக்கலாம். பேனாவைக் கீழே போட்டு எடுத்திருக்கலாம். மற்ற இல்லங்களில் எழுத வருகிற பெண்கள் செய்யாத தகிடுதத்தமா? இவள் மட்டும் அரிச்சந்திரனின் தங்கச்சி. மாசக் கணக்கில் அவளோடு பேசாமல் இருந்தேன். பேப்பர் படிக்க வேறு நாதி இல்லாததால் மறுபடி பேசினேன்.

எனக்குப் பிறகு வந்தவன் பரணி. அவனுக்கும் இப்படித்தான், சொன்னதை எழுதினாள். ஆனால் பயல் சரியாகச் சொன்னான். பி.ஏ. முதல் வகுப்பு, எம்.ஏ., பிறகு பேங்க் ஆபீசர். அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. பதில் சொல்லும்போதே, கமா, முற்றுப்புள்ளி, அடுத்த பத்தி, இங்கே அடிக்கோடு போடுங்கக்கா என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். அவனைப் பார்த்து அவனுக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் எல்லாரும் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

தபீதாளுக்குத் தானும் ஒரு பட்டம் வாங்க வேண்டும் என்று ஆசை. ஒவ்வொரு வருஷமும் மிஸ்ஸிடம் கேட்பாள். இந்த வருஷம் பரணிக்கு ஃபைனல், அடுத்த வருஷம் பார்ப்போம் என்பார் மிஸ். அடுத்த வருஷம் இன்னொருவனுக்கு ஃபைனல். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று பழமொழி வேறு சொல்லி, தலையில் கை வைத்து ஜெபம் பண்ணி அனுப்புவார். தபீதாளுக்குப் பிள்ளையும் இல்லை, கல்யாணமும் இல்லை, வளர என்ன இருந்தது என்று எனக்கு விளங்கவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு வருஷம் கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து வைத்து, மிஸ்ஸுக்குச் சொல்லாமல் தபால் வழியில் பி.ஏ. சரித்திரத்துக்குக் கட்டிவிட்டாள். புத்தகக் கட்டு தபாலில் வந்து இறங்கியதும் குட்டு உடைந்தது. மிஸ் திட்டவில்லை. கண்ணீர் விட்டு உபவாசம் இருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

படிப்புக்குப் பின்னால் ஒரு வேலையும் இருந்தது. சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன் வேலை. அந்தத் தாளாளர் இவளைப் பற்றிக் கேள்விப்பட்டு, பட்டம் மட்டும் கையில் வரட்டும், வேலை உனக்குத்தான், தங்கக் குவார்ட்டர்ஸும் உண்டு என்று வாக்குக் கொடுத்திருந்தார். தபீதாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். சின்ன அறைதான், ஆனால் கதவுக்கு உள்ளேயும் தாழ்ப்பாள், வெளியேயும் பூட்டு என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் கல்யாணம் நிச்சயமான பெண்ணின் குரல் மாதிரி இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது, உள்ளதைச் சொல்கிறேன். இவளும் போய்விட்டால் எனக்குப் பேப்பர் யார் படிப்பது?

முதல் வருஷப் பரீட்சையில் முதல் பேப்பர் முடிந்து நேரே பூத்துக்கு வந்தாள். எப்படி எழுதினே என்று கேட்டேன். பரீட்சை நம்பரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். மூன்று மணி நேரமும் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாளாம்.

“எல்லாம் தெரியும் கங்கா. கை நகரலை. யாராவது சொல்லுவாங்க, சொல்லுவாங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன். யாரும் சொல்லலை.”

நான் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். ஸ்ரீரங்கப்பட்டினத்துக்கு அன்றுதான் எனக்குக் கணக்குத் தீர்ந்தது. அவளும் கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தாள். பிறகு அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கு வழியை அவளே கண்டுபிடித்தாள். அடுத்த தடவை கேள்வியை வாய்க்குள் படித்தாளாம். பிறகு பதிலையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாளாம். காதில் விழுந்ததும் கை ஓட ஆரம்பித்துவிட்டது. தானே சொல்லி, தானே எழுதி, அந்தப் பேப்பரில் எழுபத்து சொச்சம் மார்க் வாங்கினாள். மற்ற பேப்பர்களும் அப்படியே. இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. சூபர்வைசர்கள், அம்மா, முணுமுணுக்காதே என்று ஒரு அதட்டல் போடுவார்களாம். இவள் வாயை மூடுவாள், கையும் நின்றுவிடும். அவர் அந்தப் பக்கம் போனதும் மறுபடி ஆரம்பிப்பாள்.

இதில் இவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. பரீட்சை ஹாலில் நம்பர் வரிசைப்படி உட்கார வைப்பார்கள். ஆகவே வருஷா வருஷம் இவளைச் சுற்றி அதே ஆட்கள். முன் பெஞ்சில் துரை என்று ஒரு அரசாங்க ஆபீஸ் கிளார்க், பிரமோஷனுக்காக பி.ஏ. எழுதுகிறவர். பக்கத்திலும் பின்னாலும் அவர் மாதிரியே இரண்டு மூன்று பேர். புத்தகத்தைத் தொட்டே பார்க்காத ஜாதி. முதல் வருஷமே அவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பின்னாலிருந்து ஒரு அம்மாள் முழுப் பதிலையும் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறாள், எழுத வேண்டியதுதானே? வாயை மூடிக்கொண்டு எழுதினார்கள். இவளிடம் ஒரு வணக்கம்கூடச் சொன்னதில்லை. எழுதும்போது இவளுக்குச் சொல்கிற குரலைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் காதில் விழாது. அந்தக் குரல் இவளுடையதே ஆனாலும் அப்படித்தான்.

கடைசி வருஷம், கடைசிப் பேப்பர். பறக்கும் படை வந்தது. இரண்டு பேர் மெதுவாகப் பின்வாசல் வழியாக உள்ளே வந்து நின்று கேட்டிருக்கிறார்கள். பிறகு இவள் பேப்பரையும் சுற்றி இருந்தவர்கள் பேப்பரையும் பிடுங்கினார்கள். எல்லாம் ஒரே பதில், வரிக்கு வரி. துரையின் பேப்பரில் அதற்கு மேலும் ஒன்று இருந்தது. அந்த மகானுபாவர் காதில் விழுந்ததையெல்லாம் எழுதியிருந்தார். சம்பாரண் சத்தியாக்கிரகம் அடிக்கோடு போடு, அவுரி விவசாயிகளின் துயரம் முற்றுப்புள்ளி அடுத்த பத்தி என்று, நல்ல கையெழுத்தில்.

தபீதாள் எங்கள் எல்லாருடைய குரலிலும் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அதுதான் நடந்தது. இது எந்தப் படைக்குப் புரியும்? தனக்கே சொல்லிக்கொள்கிறவள் அடுத்த பத்தி என்று ஏனம்மா சொல்ல வேண்டும், வெளியே யாரிடம் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார்கள். பல்கலைக்கழகத்தில் விசாரணைக்கு வரச் சொன்னார்கள். உன் பழக்கம் இது என்று சொல்கிறாயே, தெரிந்தவர் யாராவது இருந்தால் கூட்டி வா என்றார்கள்.

அதிலென்ன கஷ்டம் என்று நினைத்தேன். ஊரில் இருக்கிற குருடர்களில் பாதிப் பேருக்கு எழுதியவள். பரணி ஒருவன் வந்து, அடிக்கோடு போடு என்று சொல்கிற வழக்கம் என்னிடமிருந்து வந்தது என்று சொன்னால் முடிந்தது கதை. பேங்க் ஆபீசர் சொல்லுக்கு மரியாதை உண்டு. இரண்டு பேரும் ஷேர் ஆட்டோ பிடித்து அவன் வீட்டுக்குப் போனோம். புது ஃபிளாட். கதவைத் திறந்ததும் பெயிண்ட் வாசனை அடித்தது. அவன் சம்சாரம் காபி கொடுத்தாள். அக்கா இல்லைன்னா நான் இல்லை என்று ஆரம்பித்தான். அந்த ஆரம்பத்தைக் கேட்டதுமே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

“அக்கா, நான் வந்து, இவங்களுக்கு பதிலெல்லாம் மனப்பாடமா தெரியும், எனக்கு எழுதினவங்க இவங்கதான்னு சொன்னா என்ன ஆகும்? அப்ப உன் பேப்பரை யாருப்பா எழுதினதுன்னு கேப்பாங்க. எனக்கு பிரமோஷன் லிஸ்ட் வர்ற நேரம்.”

நீ சொன்னதைத்தானே பரணி நான் எழுதினேன் என்றாள் தபீதாள். எனக்குத் தெரியும்க்கா, அவங்களுக்குத் தெரியுமா என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் எரிச்சல். திரும்பும்போது சம்சாரம் ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தாள். தபீதாள் வாங்கிக்கொண்டாள். நான் வாங்கியிருந்தால் ஜன்னல் எங்கே என்று தடவிப் பார்த்து வெளியே வீசியிருப்பேன்.

மற்றவர்களும் அதே பாட்டுத்தான். ஒருவன் பி.எட். சேர்ந்திருக்கிறான், ஒருத்திக்கு டீச்சர் வேலை உத்தரவு வர வேண்டும். இவளுக்கு விவரம் தெரியும் என்று எவன் வாய் திறந்தாலும் அவன் பட்டத்தில் ஓட்டை விழும். மிஸ்ஸிடம் போய் நின்றாள். ஞானசௌந்தரி மிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இல்லத்தின் பெயர் வெளியே வந்தால் இத்தனை பிள்ளைகளின் எதிர்காலமும் போய்விடுமே தபீ, நீ ஒருத்தி பாரத்தைச் சுமந்தால் என்ன, இயேசு சுமக்கவில்லையா என்று கேட்டார். இயேசுவுக்கு வார்டன் வேலை காத்திருக்கவில்லை என்று நான் அங்கே இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

கடைசியில் பாக்கி இருந்தவன் நான் ஒருவன்தான். எனக்குப் பட்டமும் இல்லை, பிரமோஷனும் இல்லை, போகிற மானமும் இல்லை. யோசித்துப் பார்த்தால் என்னைவிட நல்ல சாட்சி யாருக்குக் கிடைக்கும்? அவள் உண்மையானவள் என்பதற்கு நான்தான் அத்தாட்சி. மூன்று தடவை அவள் கையாலேயே தோற்றவன். பேஜார் பண்ணாதே தபீ, நான் வந்து சொல்றேன், நீ குவார்ட்டர்ஸுக்குப் பாய் தலகாணி வாங்கி வையி என்று சொன்னேன். இரண்டு நாள் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டேன். சட்டைகூடத் தேய்த்துப் போட்டேன்.

விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர்தான் பேசினார். மரியாதையாகவே பேசினார். உட்காருங்க சார் என்றார். இவங்களைப் பற்றி என்ன சொல்லப் போறீங்க என்று கேட்டார். நான் சொன்னேன். ஸ்ரீரங்கப்பட்டினத்தைச் சொன்னேன், பேனா நின்ற மூச்சு நேரத்தைச் சொன்னேன், மூன்று தடவை தோற்றதைச் சொன்னேன். அறையே அமைதியாகக் கேட்டது. யாரோ ஒருவர் த்சொ என்றுகூடச் சொன்னார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

“அப்படின்னா பதில் தெரிஞ்சும் உங்களுக்கு எதுவும் சொல்லலை?”

“ஒரு வார்த்தை இல்லை சார்.”

“எழுதும்போது முணுமுணுக்கிற பழக்கம் உண்டா?”

எனக்கு அந்தக் கேள்வியின் அடியில் இருந்த பள்ளம் தெரியவில்லை. அவள் குணத்துக்குச் சர்டிபிகேட் கேட்கிறார் என்று நினைத்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

“சேச்சே. நாங்கதான் பேசுவோம். அது எழுத உக்காந்துச்சின்னா வாயே தொறக்காது சார். பக்கத்துல ஆள் கீதான்னே தெரியாது.”

அவர் நன்றி என்றார். பக்கத்தில் இருந்தவரிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு தபீதாளிடம், நீங்கள் கொண்டுவந்த சாட்சியே உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்கிறாரே அம்மா, பத்து வருஷமாக வாயைத் திறக்காமல் எழுதிய உங்களுக்கு உங்கள் பரீட்சையில் மட்டும் எப்படிச் சத்தம் வந்தது, சுற்றி ஆள் இருந்ததால்தானே என்று கேட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான் எழுந்து கத்தினேன். எங்களுக்கு எழுதும்போது நாங்கள் சொல்கிறோம், அவள் ஏன் சொல்ல வேண்டும், அவள் தனக்கு எழுதும்போதுதானே சொல்ல ஆள் இல்லை என்று கத்தினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பைத்தியக்காரன் பேச்சாகக் கேட்டது. சார் உட்காருங்க, தண்ணி சாப்பிடுங்க என்றார்கள். பொய் ஒன்று சொல்லியிருந்தால் போதும். ஆமாம் சார், காது கிழிய முணுமுணுப்பாள் என்றிருந்தால் போதும். பாழாய்ப்போன உண்மையைச் சொன்னேன். அதுவும் அவளிடமிருந்து ஒட்டிக்கொண்ட வியாதிதான்.

அப்போதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. உங்கள் தரப்பை உங்கள் வார்த்தையிலேயே எழுதிக் கொடுங்கள், அதையும் படித்துவிட்டுத்தான் முடிவு செய்வோம் என்று சொல்லி, அவளை வெளியே கிளார்க் மேஜைக்கு அனுப்பினார் அந்த மனுஷர். என்னை எதிரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கிளார்க் வெள்ளைத் தாள் கொடுத்தார். பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்குள் சொல்லிக்கோ தபீ என்று சொல்ல வந்தேன். ஆனால் அவள் வாய் அசைந்தால் அதையும் குற்றக் கணக்கில் சேர்ப்பார்களோ என்று பயந்து நிறுத்திக்கொண்டேன். அவளுக்கும் அதே பயம்தான் இருந்திருக்கும். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. கிளார்க் டிபன் பாக்ஸைத் திறந்தார். எலுமிச்சை சாத வாசனை வந்தது. நல்ல மனுஷன் போலத்தான் பேசினார். என்னம்மா, எழுதத் தெரியலையா, எல்லாரும் எழுதறதுதான், நான் சொல்றேன் நீ எழுது என்றார்.

“அனுப்புநர், உன் பேர் போட்டுக்கோ. ஐயா, நடந்த தேர்வில் நான் அருகிலிருந்த தேர்வர்களுக்கு விடைகளைச் சொல்லி எழுத வைத்தது உண்மை. என் தவறை ஒப்புக்கொள்கிறேன்.”

பேனா பறந்தது. எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். அவ்வளவு வேகமாக எழுதவும் முடியும், ஒரு எழுத்துகூட விடாமல் எழுதவும் முடியும் என்றால் அது உலகத்தில் அவள் ஒருத்திதான். எழுதாதே தபீ, எழுதாதே என்று நான் எழுந்து கத்தினேன். எழுதும்போது அவளுக்குச் சொல்கிற குரலைத் தவிர எதுவும் காதில் விழாது என்று சொன்னேனே. மேஜையைத் தேடிக் கை நீட்டிப் போனேன். பெஞ்சுக் கால் தடுக்கி முட்டி போட்டு விழுந்தேன். தாங்கள் எடுக்கும் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன், இப்படிக்கு, கீழே கையெழுத்து என்று முடித்தார் கிளார்க். அவளும் முடித்தாள். கையெழுத்து முத்து முத்தா இருக்கும்மா என்று பாராட்டி, தாளை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

ரயிலில் திரும்பும்போது கேட்டேன், இன்னாத்துக்குடி எழுதினே என்று.

“அவர் சொல்ல ஆரம்பிச்சதும் கை போயிடுச்சு கங்கா. கையெழுத்துப் போட்டப்புறம் படிச்சுப் பாத்தேன். அப்பத்தான் என்ன எழுதியிருக்கேன்னே தெரிஞ்சுது.”

திருப்பிக் கேட்டிருக்கலாமே என்றேன். எழுதிக் கொடுத்ததைத் திருப்பி வாங்கக் கூடாது, அது ரூல் என்றாள். பல்லாவரம் தாண்டுகிற வரைக்கும் எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் மனசுக்குள் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். யாரைப் பார்த்துச் சொல்வது என்றுதான் புரியவில்லை.

அவளாகவே எழுதி ஒப்புக்கொண்டதால் விஷயம் சுலபமாக முடிந்தது. அந்த வருஷம் எழுதிய எல்லாப் பேப்பரும் ரத்து. ஐந்து வருஷத்துக்கு எந்தப் பரீட்சையும் தன் பெயரில் எழுதக் கூடாது. துரை வகையறாவுக்கு அந்த ஒரு பேப்பர் மட்டும்தான் போனது, தூண்டப்பட்டவர்களாம். அடுத்த தடவை எழுதிப் பாஸ் பண்ணிவிட்டார்கள். துரை பிரமோஷன் வாங்கிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனதாகக் கேள்வி. வார்டன் வேலைக்குத் தாளாளர் ஜூன் வரை காத்திருந்தார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பிறகு லோகநாயகி என்று ஒரு பட்டதாரிப் பெண்ணைப் போட்டுவிட்டார்.

ஐந்து வருஷம் கழித்து எழுதலாமே என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். பேப்பரில் அடுத்த செய்தியைப் படிக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இல்லத்தில் ஜெபம் நடக்கும். முடிந்ததும் சுண்டலும் டீயும் கொடுப்பார்கள் என்பதால் எந்தச் சாமியையும் கும்பிடாத நானும் போவேன். தீர்ப்பு வந்த வாரமும் போனேன். துர்கா என்று ஒரு பெண், கடைசி வருஷம் படிக்கிறவள், எழுத ஆள் இல்லாமல் போய்விடுமோ என்று அதுவரை பயந்துகொண்டிருந்தவள், தபீதாள் மேல் சாய்ந்துகொண்டு, இனிமே அஞ்சு வருஷத்துக்கு நீங்க எங்களுக்குத்தான்க்கா, எங்கேயும் போக மாட்டீங்க என்றாள். பாவம், கள்ளமில்லாத சந்தோஷம். அறைந்தால் தேவலை போல எனக்கு இருந்தது.

மிஸ் ஜெபத்தை ஆரம்பித்தார். குரல் தழுதழுத்தது, அதில் பொய் இல்லை. ஆண்டவரே, உலகத்தின் ஆசைகளிலிருந்து எங்கள் மகளை மீட்டு, இந்தப் பிள்ளைகளுக்காக எங்களிடமே திருப்பித் தந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம், எல்லாரும் என்னோடு சேர்ந்து சொல்லுங்கள் என்றார்.

எல்லாரும் சொன்னார்கள். எத்தனை பேர் ஒன்றாகப் பேசினாலும் அவள் குரல் எனக்குத் தனியாகக் கேட்கும். மிஸ் சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தை விடாமல், மீட்டீரே, திருப்பித் தந்தீரே, ஸ்தோத்திரம் என்று தபீதாளும் சொல்லிக்கொண்டிருந்தாள்.